ஆள் இல்லாத ஊரில் மூன்று நாள்

"ஐயா, எங்கள் ஊரில் ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் எங்கள் ஊரிலிருந்துதான் எழுதுகிறேன்."

இந்த இரண்டு வரிதான் என்னைச் சென்னையிலிருந்து கிளப்பியது. எழுதியவள் பெயர் மாரீஸ்வரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். ஊர், கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் கரிசல் காட்டுக்குள் இருக்கும் உப்போடைப்பட்டி.

நான் தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்திலேயே ஊர்ப் பெயர்கள் மீது ஒரு பைத்தியம். எப்போதும்வென்றான் என்று முகவரி எழுதிய கடிதம் கைக்கு வந்தால் அன்று முழுவதும் எனக்கு உற்சாகமாக இருக்கும். ஓய்வுக்குப் பிறகு, இணையத்தில் பலர் கூடி எழுதும் ஒரு கலைக்களஞ்சியத்தில் கிராமங்களைப் பற்றிக் குறிப்பு எழுதுவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டேன். ஒரு கிராமத்துக்கு ஐந்து வரி. எந்த வட்டம், பக்கத்து நகரம் எவ்வளவு தூரம், என்ன பயிர், எத்தனை பேர். கூடவே வரைபடத்தில் ஒரு புள்ளி. எல்லாம் அரசாங்க அட்டவணையைப் பார்த்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதியதுதான். உப்போடைப்பட்டிக்கு நேராக அட்டவணையில் பூஜ்யம் இருந்தது. நானும் பூஜ்யம் என்று போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

அந்தப் பூஜ்யத்தால் என்ன கெட்டுப்போயிற்று என்பதை மாரீஸ்வரி அடுத்த கடிதத்தில் எழுதினாள். கோவில்பட்டிக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஊருக்குப் பஸ் கிடையாது. மெயின்ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். புதிதாக மினிபஸ் விடப்போகும் ஒரு முதலாளியிடம் அம்மாவும் மகளும் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் மகன் செல்போனைத் தட்டிப் பார்த்து, "அப்பா, இந்த ஊர்ல ஆளே இல்லன்னு போட்டிருக்கு" என்றிருக்கிறான். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன், ஐம்பது வீடாவது இருந்தால்தான் வண்டி உள்ளே வரும் என்று முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார்.

"ஆள் இல்லாத ஊருக்குப் போறீங்களே, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள் என் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் அந்த நேரத்திலேயே கடலைமிட்டாய் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. பல் தேய்த்த கையோடு கடலைமிட்டாய் வாங்குகிற ஜனங்களை அன்றுதான் பார்த்தேன். அடுத்த நிமிஷம் நானும் இரண்டு பொட்டலம் வாங்கியிருந்தேன். பக்கத்து ஓட்டலில் நான்கு இட்லிக்கு மூன்று சட்னியும் ஒரு சாம்பாரும் வந்தன. கும்பகோணத்துப் பக்கத்துக்காரனான எனக்குக் காபியில்தான் குறை. பக்கத்து மேஜையில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கருப்பட்டிக் காபி கேளுங்க அண்ணாச்சி, அதுக்கு முன்னால இதெல்லாம் வெந்நி" என்றார். கேட்டேன். அவர் சொன்னது சரிதான்.

டவுன் பஸ்ஸில் போய், உப்போடைப்பட்டி விலக்கில் இறங்கினேன். பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் இடத்துக்கு இங்கே விலக்கு என்று பெயர். அங்கே ஒரே ஒரு ஆட்டோ நின்றது. ஓட்டுநர் தார் ரோட்டில் வண்டியைத் திருப்பினார். நான் செல்போனைக் காட்டி, இடது பக்க மண்பாதையில் போகச் சொன்னேன்.

"சார், ஊரு அங்கிட்டு இருக்கு. உங்க போனு இங்கிட்டுக் காட்டுது."

"போன்ல காட்டுறதுதான் சரி. அந்தப் புள்ளிய வச்சதே நான்தான்."

அவர் வண்டியை மண்பாதையில் திருப்பினார். ஒரு கிலோமீட்டர் போனதும் பாதை வண்டித்தடமாகச் சுருங்கியது. அங்கே என்னை இறக்கிவிட்டு, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர் சிரித்துக்கொண்டே போனாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் நூறடிக்கு ஒரு வாய்க்கால் குறுக்கே வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் யார் வீட்டு வாழையாவது கண்ணில் படும். இங்கே நாலாபுறமும் அறுவடை முடிந்த கறுப்பு நிலம், கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. நடுவில் சீமைக்கருவேலப் புதர்கள். வைகாசி வெயிலில் அரைமணி நேரம் நடந்து, நான் வைத்த புள்ளியில் நானே போய் நின்றேன்.

ஒரு சிறிய காளி கோயில், ஒரு வேப்பமரம், மண் மேவிய ஒரு கிணறு. சுவர் இடிந்த மேடுகள் சில. வேறு ஒன்றுமில்லை. என் அட்டவணை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று ஒரு நிமிஷம் எனக்கு அற்பமான சந்தோஷம்கூட வந்தது.

வேப்பமரத்தடியில் ஓர் ஆள் ஆடுகளை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் கருப்பசாமி என்று பிறகு தெரிந்தது. கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் சுண்ணாம்பு பூசிய ஒரு கல் நட்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்றபடி, பேச்சை ஆரம்பிப்பதற்காக, "எத்தனை ஆடு?" என்று கேட்டேன்.

"ஐம்பது."

கல்லருகே அவருடைய செருப்பு கிடந்தது. நானும் என் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லைத் தாண்டி நிழலுக்குப் போய் உட்கார்ந்தேன். பிரித்துப் பழகிய கண் சும்மா இருக்குமா, ஆடுகளை எண்ணிப் பார்த்தது. "ஐம்பது இருக்கிற மாதிரி தெரியலையே" என்றேன்.

"முப்பத்திரெண்டு."

"இப்பத்தானே ஐம்பதுன்னீங்க?"

"அப்பம் கல்லுக்கு அங்கிட்டு நின்னு கேட்டீங்க. யாவாரியா இருக்கும்னு கூட்டிச் சொன்னேன். இப்பம் இங்கிட்டு வந்துட்டீங்க. காளி முன்னால கூட்டிச் சொல்ல முடியாது."

அந்த ஊர் வழக்கம் அது. கல்லைத் தாண்டினால் பொய் பேசக் கூடாது. வரப்புச் சண்டை, கோழி காணாமற்போன வழக்கு எல்லாம் அங்கே கூட்டிவந்துதான் தீர்ப்பார்களாம். கல்லைத் தாண்டமாட்டேன் என்று ஒருவன் அடம்பிடித்தாலே வழக்கு முடிந்துவிடும்.

"உப்போடைப்பட்டி எங்கே இருக்கு?" என்றேன்.

"இதான்."

"ஆட்கள்?"

"ஆளுக ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்காவ."

கதையை அவரே சொன்னார். அவருடைய தாத்தா காலத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. ஊர் முழுக்க ஓடையைத் தாண்டி, பக்கத்து ஊரான மேட்டுப்பட்டி எல்லைக்குள் நல்ல தண்ணீர் கிடைத்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டது. பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். காளியையும் கூப்பிட்டார்கள். சிவப்பு அரளியை ஒரு பொட்டலத்திலும் வெள்ளை அரளியை இன்னொன்றிலும் கட்டிப் போட்டு, வெள்ளை வந்தால் வருகிறாள் என்று அர்த்தம் வைத்துப் பூப்பார்த்தார்கள். மூன்று தடவையும் சிவப்பே வந்தது. அவள் வரவில்லை. அரசாங்கக் காகிதத்தில் உப்போடைப்பட்டி என்ற பெயரும் அவளோடு இங்கேயே தங்கிவிட்டது. அந்தப்பக்க வீடுகளில் இருக்கும் தலைகள் எல்லாம் மேட்டுப்பட்டிக் கணக்கில் ஏறிவிட்டன. யார் மேலும் தப்பில்லை. நான் ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அப்ப இங்க ஒருத்திதான் குடியிருக்கா" என்றேன்.

"அதையாச்சும் போட்டிருக்கலாம்ல" என்றார் கருப்பசாமி, நான் யார் என்று தெரிந்த பிறகு.

வறண்ட ஓடையைத் தாண்டி, முப்பத்திரண்டு ஆடுகளோடு நானும் ஊருக்குள் போய்ச் சேர்ந்தேன். சிமெண்ட் தெரு, தண்ணீர்த் தொட்டி, வீட்டு வாசல்களில் காயப்போட்ட மிளகாய் வத்தல். மாரீஸ்வரி தெருமுனையில் எனக்காகக் காத்திருந்தாள். மெலிந்த பெண், கண்ணாடி போட்டிருந்தாள்.

"ஏன் சார் அந்தப் பக்கமிருந்து வருதீங்க?"

"வரைபடம் பார்த்து வந்தேன்."

"யாரு வச்ச வரைபடம்?"

நான் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினேன்.

அவள் அம்மா ராமலட்சுமி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியை நினைக்க வேண்டாம். தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் அது. காலையில் ஏழு மணிக்கே கிளம்பி விலக்குக்கு நடந்து போய்த்தான் அவரும் பஸ் பிடிக்கிறார். அன்று எனக்காக வேலைக்குப் போகாமல் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்திருந்தார். தோலோடு போட்ட கறுப்பு உளுந்து, பூண்டு, தேங்காய், மேலே ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய். தஞ்சாவூர்க்காரனுக்குச் சோற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது என்று நினைத்திருந்தேன். மூன்றாம் தடவை தட்டை நீட்டியபோது அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் காட்டிலிருந்து அப்பா குருசாமி வந்தார். மிளகாயும் மக்காச்சோளமும் வானத்தை நம்பிப் போடுகிறவர். அதிகம் பேசாதவர். இந்த ஊரில் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ். கணவனும் மனைவியும் உள்ளே தெலுங்கில் வாக்குவாதம் செய்வது எனக்குக் கேட்டது. மாரீஸ்வரி என்னோடு வாசலில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நைனா சொல்லுதாரு, பஸ் வந்தா அனுப்புதாராம்."

"அம்மா?"

"பஸ் வரலேன்னா என்ன செய்யன்னு கேக்காவ."

பிறகு குருசாமியின் குரல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னது. மாரீஸ்வரி அதை மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்டேன்.

"சாயங்காலம் அந்தக் கருவக்காட்டு வழியா பொம்பளப்பிள்ள மூணு கிலோமீட்டரு தனியா நடக்க வேண்டாம், தீப்பெட்டி ஆபீசுக்கே அம்மா கூடப் போயிட்டு அம்மா கூட வரட்டும்னு சொல்லுதாரு சார்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்தாள். எனக்கு அந்த ஐந்து வரிக் குறிப்பை எழுதிய என் விரல்கள் மீதே கோபம் வந்தது.

வியாழக்கிழமை காலையில் நானும் மாரீஸ்வரியும் வீடு வீடாக எண்ணப் புறப்பட்டோம். பன்னிரண்டு வீட்டைத் தாண்டுவதற்குள் எனக்கு ஐந்து டம்ளர் மோர், இரண்டு கிண்ணம் கம்மங்கஞ்சி, ஒரு கை நிறையச் சீனியவரைக்காய் வத்தல் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் வந்தவரிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பார்கள். இங்கே கேட்பதில்லை, கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுத்தான் யார் என்ன என்று விசாரிக்கிறார்கள்.

ஒரு பெரியவர் தன்னுடைய ஆதார் அட்டையை எடுத்துவந்து என் கையில் வைத்து, "நான் இருக்கேன்னு நல்லாப் பாத்துக்கோங்க" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. நான் அட்டையைப் பார்த்து, அவரையும் பார்த்து, "இருக்கீங்க" என்றேன். திருப்தியாக வாங்கிக்கொண்டார்.

பூட்டிய வீடுகளும் நிறைய இருந்தன. திருப்பூர், சிவகாசி, மதுரை என்று பிழைக்கப் போனவர்கள். "கோயில் பொங்கலுக்கு வந்துருவாவ சார், நாளைக்குத்தான் பொங்கல்" என்றாள் மாரீஸ்வரி. தை மாதப் பொங்கல் வேறு, இது வைகாசியில் காளிக்கு வைக்கிற பொங்கல். தினமும் அடுப்பு எரிகிற வீடுகளை மட்டும் எண்ணினோம். முப்பத்தெட்டு வந்தது. ஐம்பது வரவில்லை. மாரீஸ்வரி மறுபடியும் தெருமுனையிலிருந்து எண்ணினாள். மறுபடியும் முப்பத்தெட்டுதான்.

பூஜ்யத்தையாவது அழிப்போம் என்று தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து, செல்போனிலேயே குறிப்பைத் திருத்தினேன். ஊர் ஓடைக்குக் கிழக்கே இருக்கிறது, மக்கள் வசிக்கிறார்கள் என்று எழுதி, புள்ளியையும் நகர்த்தினேன். மாற்றியதற்குக் காரணம் கேட்ட கட்டத்தில் "நேரில் பார்த்தேன்" என்று போட்டேன். அரைமணி நேரத்தில் யாரோ ஒரு தன்னார்வலர் அதை அழித்துப் பழையபடி வைத்துவிட்டார். "நேரில் கண்டது ஆதாரம் ஆகாது. அச்சில் வந்த ஆதாரம் தேவை" என்று கீழே ஒரு வரி.

அந்த வரி எனக்கு நன்றாகத் தெரிந்த வரி. புதிதாக வருகிறவர்களுக்குப் போடுவதற்காக அதை வார்த்தை வார்த்தையாக எழுதிக் கொடுத்தவனே நான்தான். அதைக் காட்டி எத்தனையோ பேருடைய திருத்தங்களை நான் அழித்திருக்கிறேன். ஓர் ஊரின் நடுவில் அந்த ஊர் மோரைக் குடித்துக்கொண்டு, அந்த ஊர் இருக்கிறது என்று எழுத வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப நாளைக்கும் போனுல பூஜ்யம்தான் இருக்குமா சார்?" என்று மாரீஸ்வரி கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "பரவால்ல சார், மோர் குடிங்க" என்றாள்.

பிற்பகலில் ஒரு கோடை மழை கொட்டித் தீர்த்தது. கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு நடப்பது தனிப் படிப்பு. முதல் பத்தடியில் செருப்பின் அடியில் மண் அப்பியது. அடுத்த பத்தடியில் நான் இரண்டங்குலம் உயர்ந்துவிட்டேன். அதற்கடுத்து செருப்பு நின்றுவிட, கால் மட்டும் முன்னால் போனது. ராமலட்சுமி ஒரு குச்சியால் அதைச் சுரண்டிக்கொடுத்து, "எங்க மண்ணு லேசுல விடாது சார்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே ஊர் மாறிவிட்டது. பூட்டிய வீடுகள் திறந்திருந்தன. திருப்பூர் பனியன் போட்ட பிள்ளைகள் தெருவில் ஓடின. எட்டு மணிக்குள் ஊர் மொத்தமும் பானை, அரிசி, விறகோடு ஓடையைத் தாண்டிப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. காளி வரமாட்டேன் என்றதால் வருஷத்துக்கு ஒரு நாள் இவர்கள் அவளிடம் போகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பானை. உள்ளூரில் இருந்தாலும் வெளியூரில் இருந்தாலும் பானை வைக்காமல் இருக்கக் கூடாது. நான் முந்தாநாள் தனியாக நின்ற அந்த வெட்டவெளியில் வரிசை வரிசையாக அடுப்புகள் புகைந்தன.

முதலாளி வந்தால் கூட்டிவருவதற்காகக் குருசாமி தார் ரோட்டிலேயே நின்றார். மணி பத்தாயிற்று. பத்தரையாயிற்று. அப்போது மேற்கே கருவேலப் புதர்களுக்கு நடுவிலிருந்து ஒரு வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது.

எல்லோருக்கும் முன்னால் எனக்குத்தான் புரிந்தது. மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான். நான் வைத்த புள்ளி அவர்களையும் இங்கேயே இழுத்து வந்துவிட்டது. கோயிலுக்கு நூறடி தூரத்தில், முந்தின நாள் மழையில் ஊறிய கரிசலில் வெள்ளைக் கார் பாதிச் சக்கரம் புதைந்து நின்றது. மகன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கார் இன்னும் கீழே இறங்கியது. முதலாளி கதவைத் திறந்து காலை வைத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

"அப்பா, ஆளே இல்லாத ஊருன்னு சொன்னேன்ல" என்ற மகன், புதரைத் தாண்டி வந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

ஊர் மொத்தமும் வந்துவிட்டது. ஆண்கள் பின்னால் தள்ளினார்கள். பெண்கள் விறகைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார்கள். யாரோ "ஏலே, எல்லாரும் ஒண்ணாத் தள்ளுங்கல" என்றார்கள். கார் ஒரு சத்தத்தோடு மேலே வந்தது. தள்ளியவர்களில் பாதிப்பேருக்கு முகம் வரை சேறு. எனக்கும்தான்.

முதலாளி அறுபது வயதுக்காரர், பருத்த உடம்பு, நிதானமான ஆள். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். சுண்ணாம்புக் கல்லருகே, எஞ்சியிருந்த செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே வந்தார். வரிசை வரிசையாக அடுப்புகளைப் பார்த்தார். விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். என் பக்கத்தில் நின்ற ஒருவர் மற்றவர்களிடம் கிசுகிசுத்தார்: "எண்ணட்டும். யாரும் ஒண்ணும் பேசாதீங்க."

"அறுபத்து நாலு" என்றார் முதலாளி. "அறுபத்து நாலு பானை. அப்பம் அறுபத்து நாலு வீடு. நல்ல ஊருதான். இவன் என்னமோ பூஜ்யம்ங்கான்."

மாரீஸ்வரி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை இந்த மூன்று நாளில் நான் பார்க்கவில்லை. அறுபத்து நாலும் இந்த ஊர்க் குடும்பங்கள்தான், அதில் என்ன பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆதாரம் ஆதாரம் என்று ஊரையே வதைத்த நான், ஒரு வார்த்தை பேசாமல் நிற்கத் தயாராக இருந்தேன்.

"அறுபத்து நாலு இல்ல அண்ணாச்சி" என்று ஒரு குரல் கேட்டது. கரண்டியும் கையுமாக ராமலட்சுமி எழுந்து நின்றார். "இதுல இருவத்தாறு பான திருப்பூரு, சிவகாசி, மதுரைப் பான. ஞாயித்துக்கெழம அவிய எல்லாரும் போயிருவாவ. நித்தம் இருக்கது முப்பத்தெட்டு வீடுதான்."

மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்ற குருசாமி தெலுங்கில் ஏதோ சொன்னார். இந்தத் தடவை எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஐம்பதாவது வேணும்னு சொல்லியிருந்தேன்ல?" என்றார் முதலாளி.

"சொன்னீங்க. தெரிஞ்சுதான் சொல்லுதேன். கல்லுக்கு அங்கிட்டு நின்னு கேட்டிருந்தா அறுவத்து நாலுன்னுதான் சொல்லியிருப்பேன். எம்பிள்ள படிப்பு அண்ணாச்சி, எனக்கு ஆசை இல்லாமலா? காளி முன்னால வச்சுக் கேட்டுட்டீங்க."

முதலாளி கோயிலைப் பார்த்தார். சேறு அப்பிய தன் காரைப் பார்த்தார்.

"போனு பூஜ்யம்னு சொல்லுது. பானை அறுபத்து நாலுன்னு சொல்லுது. நீ முப்பத்தெட்டுன்னு சொல்லுதே. உன் கணக்கைத்தான் நான் நம்புதேன். ஏன்னா அந்தக் கணக்குல நட்டம் உனக்குத்தான்." கூட்டத்தின் பக்கம் திரும்பி, "நித்தம் காலையில விலக்குக்கு நடக்கது எத்தனை பேரு? கையைத் தூக்குங்க. வெளியூர்க்காரங்க தூக்க வேண்டாம்" என்றார்.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். பிறகு ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவர்கள், விலக்கு வழியாக மேட்டுப்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற பிள்ளைகள். கடைசியில், பாதி உயரத்துக்கு, மாரீஸ்வரியின் கை. முதலாளி எண்ணினார். எத்தனை என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

"காலையில எட்டு மணிக்கு ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. ஆளு ஏறலேன்னா நிப்பாட்டிருவேன். அதையும் காளி முன்னாலயே சொல்லிருதேன்."

குருசாமி போய், தன் பானையிலிருந்து ஒரு இலை நிறையச் சர்க்கரைப் பொங்கலை எடுத்துவந்து முதலாளி கையில் கொடுத்தார். மகன் பக்கமும் ஒரு இலை போயிற்று. சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு ராமலட்சுமியே கொண்டுவந்தார். வாங்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிவைத்தேன். கல்லுக்கு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன், காளி மன்னிக்க வேண்டும்.

கார் கிளம்பும்போது மகன் என்னிடம் வந்து, "சார், அந்தப் புள்ளிய மட்டும் மாத்திருங்க" என்றான்.

சென்னைக்கு வந்ததும் என் மனைவி என் செருப்பை எடுத்துப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த கரிசல் மண் காய்ந்து கல்லாகியிருந்தது. "ஆள் இல்லாத ஊர்ல இருந்து மண்ணு மட்டும் வந்திருக்கு" என்றாள். இந்தத் தடவை சிரித்தேன். சுரண்டிப் போட மனம் வரவில்லை. செருப்பைப் பால்கனியில் அப்படியே வைத்திருக்கிறேன்.

குறிப்பில் இன்னும் பூஜ்யம்தான் இருந்தது. நானும் தினமும் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டிருந்தேன். ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, செல்போனில் ஒரு படம் வந்தது. ஒரு மினிபஸ்ஸின் முன்கண்ணாடி. அதன் மேலே புதுப் பெயிண்டில் எழுதிய பலகை: கோவில்பட்டி – உப்போடைப்பட்டி. கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள், ஒன்றின் தோளுக்கு மேல் இன்னொன்றாக. யார் யார் என்று தெரியவில்லை, பெரிதாக்கிப் பார்த்தும் என்னால் எண்ண முடியவில்லை.

படத்துக்குக் கீழே மாரீஸ்வரி எழுதியிருந்தாள்:

"ஐயா, ஆதாரம். இன்றைக்குக் கல்லூரிக்கு முதல் நாள். உட்கார இடமில்லை, நின்றுகொண்டுதான் போகிறேன்."